திருகோணமலையில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு: குடும்பத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

கடற்படையிலோ விமானப்படையிலோ பயிற்சி முடிக்கும் பிள்ளையின் அணிவகுப்பு நாளில் குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் முகாமின் வாயில். பட்டியலில் பெயர் இல்லை, பெயர் இருந்தும் அடையாள அட்டையோடு பொருந்தவில்லை, ஒழுங்கு செய்த வான் பழுதாகி வேறு வான் வந்திருக்கிறது, அம்மம்மாவின் கைப்பைக்குள் பாக்குவெட்டி. உள்ளே வாத்தியம் முழங்க, வெளியே வெயிலில் நிற்க வேண்டிய நிலை. இவை அத்தனையும் மூன்று கிழமைக்கு முன்னர் வீட்டிலிருந்தே சரிசெய்யக்கூடியவை. அதனால் இந்த வழிகாட்டி விழாவைவிட அதற்கு முந்திய ஆயத்தத்தைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறது.

முதலில், எந்த முகாம்?

திருகோணமலையில் இரண்டு பெரிய பயிற்சிக் கழகங்கள் உள்ளன. கடற்படையின் கடல்சார் கழகம் நகரை ஒட்டிய டொக்யார்ட் தளத்துக்குள் இருக்கிறது. விமானப்படையின் கழகம் சீனக்குடாவில், துறைமுகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. 1957 இல் பிரித்தானியர் இரு தளங்களையும் இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். "ட்ரிங்கோ கேம்ப்" என்று பிள்ளை போனில் சொன்னதை மட்டும் நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள். ஒன்றின் வாயிலுக்குப் போய் மற்றதற்குத் திரும்ப நேர்ந்தால், துறைமுகத்தைச் சுற்றிவர அரை மணிநேரமாவது போய்விடும்.

பயிற்சி தொடங்கிய இடத்திலேயே விழாவும் நடக்கும் என்று எண்ணவும் வேண்டாம். கடற்படைச் சிப்பாய்களின் அடிப்படைப் பயிற்சி பூனாவ, பூசா போன்ற தளங்களிலும் நடக்கிறது. விமானப்படையில் சேர்ந்தவர்கள் தியத்தலாவையில் தரைப்போர்ப் பயிற்சி பெறுவது வழக்கம். தரைப்படை அதிகாரிகளின் கழகமும் தியத்தலாவையில்தான் இருக்கிறது. ஆகவே அழைப்பிதழில் முகாமின் பெயர், வாயிலின் பெயர், மைதானத்தின் பெயர் ஆகிய மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி நடக்கும் மாதங்களில்

ஆரம்பக் கிழமைகளில் கைத்தொலைபேசி பிள்ளையிடம் இருக்காது. அழைப்பு வராவிட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: சேவை இலக்கம், முழுப்பெயர், பயிற்சித் தொகுதியின் இலக்கம், படைப்பிரிவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டில் ஒரு மரணமோ கடும் சுகவீனமோ நேர்ந்தால், முகாமின் கடமை அதிகாரியிடம் இந்த நான்கையும் சொன்னால்தான் ஆயிரம் பேருக்குள் பிள்ளையைத் தேடி எடுக்க முடியும். "எங்கட கஜன்" என்று சொல்லிப் பயனில்லை. கிராம உத்தியோகத்தரின் கடிதமோ வைத்தியசாலைத் துண்டோ கையில் இருந்தால் விடுமுறைக் கோரிக்கை வேகமாக நகரும்.

பார்வையாளர் நாள் கிடைத்தால் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் போகவே மனம் சொல்லும். ஆனால் தேங்காய்ப்பால் விட்ட கறியும் சம்பலும் திருகோணமலை வெக்கையில் நான்கைந்து மணிநேரத்தில் புளித்துவிடும், முகாமுக்குள் வயிற்றோட்டம் வந்தால் பிள்ளைக்குப் பயிற்சி நாட்கள் போகும். பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, முறுக்கு போன்ற உலர் பண்டங்களே நல்லவை. அவையும் அனுமதிக்கப்படுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மருந்து மாத்திரை எதையும் தனியாகக் கொடுக்க வேண்டாம். தேவையானால் முகாம் வைத்தியரிடம் பிள்ளையே கேட்க வேண்டும். பருத்திக் காலுறைகளையும் பாதத்துக்குப் போடும் பவுடரையும் கேட்காத பயிற்சியாளர் குறைவு.

திகதியும், பிள்ளை அதில் இருக்கிறாரா என்பதும்

அணிவகுப்புத் திகதி மாறும். பிரதம விருந்தினரின் நேரம், மழை, நாட்டு நிலைமை எல்லாம் அதைத் தள்ளிவைக்கும். அதிகாரிகள் ஆணை பெறும், அதாவது அதிகாரியாக நியமனம் பெறும், விழாவுக்கு ஜனாதிபதி வருவதாக இருந்தால் இன்னும் நிச்சயமின்மை. எழுத்திலான அழைப்பு கைக்கு வரும்வரை, பணம் திரும்பாத அறையையோ ரிக்கெற்றையோ பதிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, சொல்ல மனம் வராதது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. கால் எலும்பில் மெல்லிய முறிவு, நீச்சல் பரீட்சையில் தவறுதல், பாடப் பரீட்சையில் புள்ளி குறைதல் ஆகிய காரணங்களால் ஒரு பயிற்சியாளர் அடுத்த தொகுதிக்குப் பின்தள்ளப்படலாம். கடைசிக் கிழமைகளில்தான் அது முடிவாகும். அப்படி நடந்தால் பிள்ளை வீட்டுக்குச் சொல்லக் கூச்சப்படுவார். "எல்லாரும் வாறம், வான் பிடிச்சாச்சு" என்று நீங்கள் முன்பே ஆரவாரம் செய்திருந்தால் அவருக்கு அது தாங்க முடியாத சுமை. சில மாதம் கழித்து அடுத்த தொகுதியோடு அவர் நடக்கத்தான் போகிறார். ஊருக்குச் சொல்வதைக் கொஞ்சம் பிந்திச் சொல்லுங்கள்.

பெயர்ப் பட்டியல்: முழுக் கவனமும் இங்கே

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். அம்மா, அப்பா, இன்னும் ஓரிருவர் என்று வைத்துத் திட்டமிடுங்கள். கூடுதலாக இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. "போய்ப் பார்ப்பம், விடுவாங்கள்" என்று சித்தப்பா குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தால், அவர்கள் பஸ் நிலையத்துப் பக்கத் தேநீர்க்கடையில் பின்னேரம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பட்டியலைப் பிள்ளைதான் முகாமில் கொடுப்பார். அவருக்கு நீங்கள் அனுப்பும் விபரம் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம்மவர் பெயர்களில் மூன்று சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, ஆங்கில எழுத்துக்கூட்டல். சிவகுமார், தர்ஷினி, விக்னேஸ்வரன் போன்ற பெயர்களைப் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும், பாடசாலைச் சான்றிதழில் வேறொருவிதமாகவும் எழுதி வைத்திருப்போம். வாயிலில் பார்ப்பது அடையாள அட்டையை மட்டுமே. இரண்டாவது, அம்மாவின் பெயர். அட்டை திருமணத்துக்கு முன் எடுத்ததாக இருந்தால் தகப்பன் பெயர் முதலெழுத்தாக இருக்கும். பிள்ளையோ கணவன் பெயரோடு எழுதிக் கொடுத்திருப்பார். மூன்றாவது, கூப்பிடும் பெயர். மாமாவை வாழ்நாள் முழுதும் "ராசன்" என்று அழைத்த பிள்ளைக்கு அவருடைய பதிவுப்பெயர் தெரியாது.

தீர்வு எளிது. வருகின்ற ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் இருபக்கமும் தெளிவாகப் படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். அவர் அதைப் பார்த்தே எழுதட்டும். இலக்கம் பழைய முறையில் 9 எண்ணும் ஓர் எழுத்துமா, புதிய முறையில் 12 எண்ணா என்பதை அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மற்றதாக மாற்ற வேண்டாம். லேமினேற் கிழிந்து முகம் மங்கிய பழைய அட்டைகளோடு வயதானவர்கள் வருவதுண்டு. புது அட்டை எடுக்க நாளாகும், ஆகவே திகதி பற்றிய முதல் பேச்சு வந்தவுடனேயே கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். செல்லுபடியான கடவுச்சீட்டு இருந்தால் அதையும் கூடவே கொண்டுவாருங்கள். அட்டை எடுக்கும் வயதுக்கு வராத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி போதும்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வருவதாக இருந்தால் அதைத் தனியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்குத் தனி அனுமதி தேவைப்படலாம். கடைசி நாளில் கேட்டுப் பெறக்கூடியதல்ல அது.

வாகனமும் பட்டியலில் ஏறும்: இலக்கத்தகடு, வகை, நிறம், சாரதியின் பெயர், அவருடைய அடையாள அட்டை இலக்கம். வாடகை வானில் வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல்நாள் இரவு வான்காரர் தன் தம்பியை அனுப்புவார், வண்டியும் வேறாக இருக்கும். வான் பேசும்போதே "இந்த வண்டியும் இந்தச் சாரதியும்தான் வரவேண்டும், முகாம் பட்டியலில் போட்டாயிற்று" என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள். அப்படியும் மாறிவிட்டால் வண்டியை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு இறங்கி நடந்து போங்கள். வாக்குவாதத்தில் நேரம்தான் போகும்.

வழியும் தங்குமிடமும்

யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கமிருந்து ஏ9 இல் வவுனியா வந்து, ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலைக்கு வரலாம். கண்டி, மாத்தளை, நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைகள் வீதியைக் கடக்கும். பொழுதுபட்ட பின்னும் விடியுமுன்னும் அந்தத் துண்டில் ஓடாமல் இருக்கும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்கு ரெயில் சுற்றுவழி. கல்லோயாச் சந்தியில் மாற வேண்டும். வாகரை, வெருகல், மூதூர் ஊடான ஏ15 வீதியே நேர்வழி. கிண்ணியாப் பாலத்தைக் கடந்தால் நகரத்துக்கு முன்பே சீனக்குடாப் பகுதி வந்துவிடும், ஆகவே விமானப்படை விழாவுக்கு வருபவர்கள் நகருக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை. கொழும்பிலிருந்து இரவு ரெயில் விடியும் வேளையில் வந்து சேரும். சீனக்குடாவில் ஒரு நிலையம் இருக்கிறது, திருகோணமலை நிலையத்துக்கு முன்னால் வரும்.

விழா காலையிலென்றால் முதல்நாளே வந்து தங்குங்கள். இரவெல்லாம் வானில் இருந்து வந்த வயதானவர்கள் வெயிலில் இருக்கும்போது மயங்கி விழுவதுண்டு. உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் மே முதல் செப்ரெம்பர் வரை வெளிநாட்டவரால் நிரம்பி விலையும் ஏறியிருக்கும். நகருக்குள் உள்ள சிறு விடுதிகள் போதுமானவை, வாயிலுக்கும் கிட்ட. ஆடி அமாவாசையை அண்டிய நாட்களில் அவையும் கிடைக்காது.

கொண்டுவர வேண்டியது, வீட்டில் விட வேண்டியது

கையில்: அழைப்பிதழ், அசல் அடையாள அட்டை, தண்ணீர், தினமும் போடும் மாத்திரைகள், நீரிழிவு உள்ளவர்களுக்கு பிஸ்கற் அல்லது இனிப்பு, சிறு துவாய். குடை வைத்திருங்கள், ஆனால் ஆசனத்தில் விரிக்க முடியாது. பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். அகன்ற தொப்பிக்கும் அதே கதை. சேலைத் தலைப்பும் மெல்லிய சால்வையும் உதவும்.

வீட்டில் விட வேண்டியவை: பாக்குவெட்டி, பழம் வெட்டும் கத்தி, கேக் கத்தி, தீப்பெட்டி, லைற்றர், கற்பூரம், சிகரெட், மதுபானம். ட்ரோனை நினைத்தும் பார்க்க வேண்டாம். உருமறைப்பு நிறத்தில் உடுப்பும் தொப்பியும் பையும் வேண்டாம். "ஆமி பிரின்ற்" போட்ட சிறுவர் சட்டையும் இதில் அடக்கம். அண்ணாவைப் போல உடுத்திவிட வேண்டும் என்ற ஆசையில் சின்னவனுக்குப் போட்டுவருவார்கள், வாயிலில் சட்டை மாற்ற நேரும். படையினர் அல்லாதார் படைச்சீருடையை ஒத்த உடை அணிவது இந்நாட்டில் குற்றம்.

கமரா, போன் விடயத்தில் வாயிலில் சொல்வதே சட்டம். சில விழாக்களில் வாங்கி வைத்துக்கொண்டு துண்டு தருவார்கள். உள்ளே அனுமதித்தாலும் மைதானத்தையும் உங்கள் பிள்ளையையும் மட்டும் எடுங்கள். கப்பல், விமானம் நிற்கும் கொட்டகை, காவலரண், ராடர், வாயில் ஆகியவை படத்தில் விழக்கூடாது. முகாமுக்குள் இருந்தபடி நேரலை போடாதீர்கள்; கண்டிப்பு வந்தால் அது பிள்ளையின் பெயரில்தான் வரும்.

உடையில் பெரிய விதி இல்லை, விழாவுக்கு ஏற்ற கண்ணியமான உடுப்பு போதும். வேட்டி தாராளமாகக் கட்டலாம். பெண்கள் கூர்க்குதிச் செருப்பைத் தவிருங்கள். புல்லிலும் சரளையிலும் புதையும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வறட்டி எடுக்கும், பருத்தியே சுகம். ஐப்பசி முதல் தை வரை மழைக்காலம், மாற்றுடுப்பு ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

வாயிலிலிருந்து ஆசனம் வரை

அழைப்பிதழில் "ஆசனத்தில் அமரவேண்டிய நேரம்" என்று இருப்பதற்கு ஒன்றரை மணிநேரம் முன்னதாக வாயிலில் நில்லுங்கள். அடையாளம் பார்ப்பது, பை சோதிப்பது, வாகனத் தரிப்பிடம், அங்கிருந்து மைதானத்துக்கு நடை அல்லது முகாம் பஸ் என ஒவ்வொன்றும் வரிசைதான். பிரதம விருந்தினரின் வாகனத் தொடர் வருவதற்கு முன் வழியை மூடிவிடுவார்கள். அதன்பின் வந்தால் விழா பாதி முடிந்த பின்னரே உள்ளே விடுவார்கள், அதுவும் உறுதியில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியவர்கள் அமருமுன்பே போய்வரட்டும். நடக்கச் சிரமப்படுபவர் இருந்தால் முதலில் காணும் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், வண்டி ஒழுங்கு செய்து கொடுப்பார்கள். முன்வரிசை ஆசனங்கள் ஒதுக்கப்பட்டவை.

அறிவிப்புகள் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டும் அவ்வளவாகப் புரியாதவர்களுக்கு, அடுத்து வருவதை வாசித்து வைத்தால் கண்ணாலேயே விழாவைத் தொடர முடியும்.

மைதானத்தில் நடப்பது என்ன, எப்போது எழும்புவது

முன்கூட்டியே பிள்ளையிடம் மூன்றைக் கேட்டு வையுங்கள்: எந்தப் படைப்பிரிவு, முன் நடு பின் என்ற மூன்று வரிசையில் எது, வலப்பக்கத்திலிருந்து எத்தனையாவது ஆள். இது தெரியாவிட்டால் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, ஒரே நிறத்தில் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களில் பெற்ற தாய்க்கும் பிள்ளையைப் பிடிபடாது. உயரத்தைக் கொண்டு வரிசை அமைப்பதால் உயரமானவர்கள் இரு ஓரங்களிலும் குள்ளமானவர்கள் நடுவிலும் வருவார்கள். அவருடைய வலம், உங்களைப் பார்த்து நிற்கும்போது உங்களுக்கு இடம். எண்ணும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

வாத்தியக் குழுவோடு அணிகள் உள்ளே வந்து மேடையைப் பார்த்து நிற்கும். பிரதம விருந்தினர் வந்ததும் எல்லோரும் எழ வேண்டும். துப்பாக்கிகளை முன்னால் ஏந்தி முழு அணியும் மரியாதை செலுத்தும். அது முடியும்வரை அசையாமல் நில்லுங்கள். அடுத்து அவர் வரிசைகளுக்கிடையே நடந்தோ வாகனத்திலோ பார்வையிடுவார். இது நீளும், இருந்துகொள்ளலாம். பயிற்சியாளர்களுக்கு இதுதான் கடினமான நேரம்.

மயக்கம் வருவதும் இங்கேதான். அசையாமல் நிற்கும்போது கால் தசைகள் வேலை செய்வதில்லை, இரத்தம் காலில் தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. வெயிலும் வெறும்வயிறும் சேர்ந்தால் ஆள் சாய்ந்துவிடும். முழங்காலை இறுக்காமல் சற்றே தளர்த்தி, சப்பாத்துக்குள் விரல்களை அசைத்தபடி நின்றால் தப்பலாம். முதல்நாளே தண்ணீர் நன்றாகக் குடிக்கவும் காலையில் கட்டாயம் சாப்பிடவும் பிள்ளைக்கு நினைவூட்டுங்கள். யாராவது விழுந்தால் மருத்துவக் குழு தூக்கிப் போகும், அணிவகுப்பு நிற்காது. அது உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும் மைதானத்துக்குள் ஓடாதீர்கள். கிடத்திக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

பிறகு அணிநடை. முதலில் மெதுநடை, அடுத்து விரைவுநடை. விரைவுநடையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 காலடி, மெதுநடை அதில் பாதியளவு. மேடையைக் கடக்கையில் எல்லோரும் தலையை அந்தப் பக்கம் திருப்புவார்கள். மேடைப் பக்க ஓரத்தில் நடப்பவர் மட்டும் நேரே பார்ப்பார். வரிசை கோணாமல் இழுத்துப் போவது அவர்தான். உங்கள் பிள்ளை தலை திருப்பவில்லை என்றால் பிழைவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். படைக்கொடி உங்களைக் கடக்கும்போது எழுந்து நில்லுங்கள். தேசிய கீதத்துக்கும் அப்படியே.

அடுத்து விருதுகள். சகல துறைகளிலும் சிறந்தவர், சிறந்த சூட்டாளர், படிப்பிலும் விளையாட்டிலும் முதலிடம் பெற்றவர் என்று அழைப்பார்கள். அதிகாரிகள் தொகுதியில் கௌரவ வாள் பெறுவதே மிகப் பெரிது. கைதட்டலாம், பெயர் சொல்லிக் கூவ வேண்டாம். சீனக்குடாவில் விமானிகளும் தேறும் தொகுதியென்றால் மார்பில் சிறகுச் சின்னம் குத்துவார்கள். செஸ்னா 150, பி.ரி-6 (PT-6) வகைப் பயிற்சி விமானங்களில் பறந்து பெற்ற சின்னம் அது. விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறப்பதும் உண்டு, கைக்குழந்தையின் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருங்கள். பிரதம விருந்தினர் உரையோடு அணிகள் வெளியேறும். காத்திருப்பும் சேர்த்து மூன்று மணிநேரம் என்று கணக்குப் பண்ணுங்கள்.

தோள்சின்னம் அணிவித்தல்

ஆணை பெறும் அதிகாரிகளின் தொகுதிகளில் பெற்றோரே தோள்சின்னம் போட்டுவிடும் வாய்ப்பு வரலாம். கடற்படையில் பதில் உப லெப்டினன்ற், விமானப்படையில் பைலற் ஒபிசர் என்பவை முதல் நிலைகள். கைநடுக்கத்தில் தலைகீழாகப் போட்டுப் படம் பிடித்தபின் கவலைப்படும் பெற்றோர் பலர். முறை இதுதான்: சட்டைத் தோள்பட்டியின் பொத்தானைக் கழற்றுங்கள். பட்டியைச் சின்னத்துக்குள் நுழைத்துச் சின்னத்தைத் தோளின் வெளி ஓரம் வரை தள்ளுங்கள். பொத்தானைப் போடுங்கள். பொத்தான் கழுத்துப் பக்கம், கோடுகள் தோள் ஓரப் பக்கம். இடது எது வலது எது என்று உள்பக்கம் பென்சிலால் குறித்துவைக்கும்படி பிள்ளையிடம் முன்பே சொல்லுங்கள். அம்மா ஒரு தோள், அப்பா மறு தோள் என்றும் பேசி வையுங்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மம்மாவோ மாமாவோ நிற்கலாம், அதையும் முன்பே தெரிவித்தால் நல்லது.

மாலை, திருநீறு, பொட்டு எல்லாம் அணி கலைந்த பின்னர்தான். சீருடையோடு மாலை போடலாமா என்று பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கள்.

முடிந்த பிறகு

அணி கலைந்த அரைமணியில் பிள்ளை உங்களோடு புறப்பட்டுவிடுவார் என்று எண்ணித் திரும்பும் ரெயிலைப் பதியாதீர்கள். ஆயுதம் ஒப்படைக்க வேண்டும், பொருட்கள் எண்ண வேண்டும், விடுமுறைப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும். சில தொகுதிகளில் அன்று மாலையே விடுவார்கள், சிலவற்றில் இரவு விருந்து முடிந்து மறுநாள். வாகனத்தில் ஒரு பெரிய கிற்பாக்குக்கும் பெட்டிக்கும் இடம் விட்டு வாருங்கள். நேர்த்தி வைத்தவர்கள் வழக்கமாகக் கோணேஸ்வரத்துக்கும் பத்திரகாளி அம்மனுக்கும் போவார்கள். கோணேஸ்வரம் பிரெட்ரிக் கோட்டைக்குள் இருப்பதால் அங்கேயும் படையினரின் வாயிலைக் கடந்தே போக வேண்டும். பிள்ளை சாதாரண உடுப்பு மாற்றிக்கொண்டு வருவது எல்லோருக்கும் இலகு.

விடுமுறை முடிந்து பிள்ளை திரும்பும் முன் இரண்டு வேலை. அடுத்து எந்தத் தளத்துக்கு, எந்தத் திகதியில் என்பதையும் அந்தத் தளத்தின் தொலைபேசி இலக்கத்தையும் பழைய தாளில் திருத்தி எழுதுங்கள். அவசரத்தில் அறிவிக்க வேண்டிய உறவினர் என்று படையில் பதிந்துள்ள பெயர், முகவரி, இலக்கம் சரிதானா என்று பிள்ளையை உட்காரவைத்துக் கேளுங்கள். பயிற்சியில் சேர்ந்த நாளில் கொடுத்த போன் இலக்கத்தை வீட்டில் எவரும் இப்போது பாவிக்காமல் இருக்கக்கூடும்.